கைகுலுக்கலுக்கு அப்பால்: சிதம்பரம் தொகுதியில் சமரசம் தொட்டதும் தொடாததும்

2019 மே 23 அன்று நாட்டின் பெரும்பாலான தொகுதிகளில் மாலைக்குள் முடிவு தெரிந்துவிட்டது. சிதம்பரம் மக்களவைத் தொகுதியின் வாக்குகள் எண்ணப்பட்ட அரியலூர் மாவட்டம் தத்தனூரிலோ முன்னிலை சுற்றுக்குச் சுற்று கைமாறிக்கொண்டிருந்தது. நள்ளிரவு தாண்டித்தான் முடிவு வந்தது. விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் (விசிக) தலைவர் தொல். திருமாவளவன் 5,00,229 வாக்குகள். அதிமுகவின் சந்திரசேகர் 4,97,010 வாக்குகள். பதினோரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்த தொகுதியில் வெற்றி தோல்வியைப் பிரித்தவை 3,219 வாக்குகள்.

அந்த எண்ணிக்கைக்கு ஐந்து வாரம் முன்பு, ஏப்ரல் 18 வாக்குப்பதிவு நாளில், செந்துறை வட்டம் பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. திருமாவளவனின் தேர்தல் சின்னம் பானை. சாலையில் பானையைப் போட்டு உடைத்ததில் தொடங்கிய தகராறு, தெருவுக்குள் புகுந்த தாக்குதலாக முடிந்தது. இருபதுக்கும் மேற்பட்ட வீடுகள் சேதமடைந்தன. பாட்டாளி மக்கள் கட்சியினர் (பாமக) மீது விசிக குற்றம் சாட்டியது, பாமக அதை மறுத்தது. வழக்குகள் பதிவாயின, கைதுகள் நடந்தன. அச்சத்தால் வாக்களிக்க முடியாமல் போனவர்களுக்காக விசிக மறுவாக்குப்பதிவு கேட்டது. மே 19 அன்று தமிழ்நாட்டில் 13 வாக்குச்சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடந்தது. அந்தப் பட்டியலில் பொன்பரப்பி இல்லை.

தேர்தலில் இப்படி மோதிக்கொண்டவர்கள் பிறகு எப்படிச் சந்திக்கிறார்கள்? அந்தச் சந்திப்பு எதைச் சரிசெய்கிறது, எதைத் தொடாமல் விடுகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேட அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தை விடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் குறைவு. ஏனென்றால் இங்கே எதிரெதிர் அணிகளாக நின்ற விசிகவும் பாமகவும் பகைத்தது மட்டுமல்ல, இருமுறை மனம் விட்டுக் கைகோத்தும் இருக்கின்றன. அந்தச் சமரசங்கள் உண்மையானவை. அவை ஏன் நிலைக்கவில்லை என்பதை ஆராயாமல் அடுத்த சமரசத்தை நம்மால் கட்ட முடியாது.

ஒருவரின்றி ஒருவர் வெல்ல முடியாத தொகுதி

சிதம்பரம் தனித் தொகுதி. வேட்பாளர் பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும். ஆனால் வாக்காளர்களில் பெரும்பான்மையினர் பிற சமூகத்தினர், அவர்களில் வன்னியர்கள் பெரும் எண்ணிக்கையினர். எனவே தலித் வாக்குகளை மட்டும் நம்பியோ அவற்றை முற்றிலும் ஒதுக்கியோ இங்கே யாரும் வென்றுவிட முடியாது. வன்னியர் சங்கத்திலிருந்து 1989இல் பிறந்த பாட்டாளி மக்கள் கட்சி பெரியார், அம்பேத்கர், மார்க்ஸ் ஆகிய மூவரையும் தன் வழிகாட்டிகளாக அறிவித்தது. தலித் எழில்மலை அக்கட்சியின் பொதுச்செயலாளராக இருந்தார். 1998இல் அவர் சிதம்பரத்தில் பாமக சார்பில் வென்று மத்திய இணையமைச்சர் ஆனார். 1999இலும் 2004இலும் பாமகவின் இ. பொன்னுசாமி வென்றார், அவரும் தலித்தே. அப்படியானால் போட்டி இரு சாதி வேட்பாளர்களுக்கு இடையில் இருக்கவில்லை. தலித்துகள் யாருடைய தலைமையில் நாடாளுமன்றம் போவது என்பதில்தான் போட்டி இருந்தது. சிதம்பரத்தின் கசப்பு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளம்பியது.

அன்றைய சிதம்பரம் தொகுதி பெரும்பாலும் கடலூர் மாவட்டப் பகுதிகளைக் கொண்டது. அரியலூர், ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் எல்லாம் பெரம்பலூர் மக்களவைத் தொகுதியில் இருந்தன. 2008 மறுசீரமைப்புக்குப் பிறகு அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் ஆகிய மூன்று சட்டமன்றத் தொகுதிகள் சிதம்பரத்தோடு சேர்ந்தன. ஆண்டிமடம், வரகூர் என்ற சட்டமன்றத் தொகுதிகள் மறைந்தன. அதாவது இன்று சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் சரிபாதி அரியலூர், பெரம்பலூர் மண். திருமாவளவனின் சொந்த ஊரான அங்கனூர் செந்துறை வட்டத்தில் இருக்கிறது, பொன்பரப்பியும் அதே வட்டம்தான். வன்னியர் சங்கத் தலைவராக இருந்த ஜெ. குருவின் காடுவெட்டியும் அரியலூர் மாவட்டத்து ஊர். எதிரெதிர் அரசியலின் இரு முகங்களும் ஒரே மாவட்டத்துப் பிள்ளைகள்.

1999: முதல் தேர்தல், முதல் காயம்

பத்தாண்டுகளாகத் தேர்தலைப் புறக்கணித்த சிறுத்தைகள் இயக்கம் 1999இல் முதன்முதலாகக் களமிறங்கியது. தடய அறிவியல் துறையில் அரசு வேலையில் இருந்த திருமாவளவன் பதவியை விட்டு வந்து, மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் அணியில் சைக்கிள் சின்னத்தில் நின்றார். அந்த ஆண்டு வாக்குப்பதிவை ஒட்டி சிதம்பரம் வட்டாரத்தில் தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன, வீடுகள் எரிந்தன. பல ஊர்களில் வாக்குச்சாவடிக்குப் போகவே முடியவில்லை என்று தலித் மக்கள் சொன்னார்கள். பொன்னுசாமி வென்றார். திருமாவளவன் தோற்றாலும் சுமார் 2.25 லட்சம் வாக்குகள் பெற்றார். 2004இலும் இவ்விருவருமே மோதினர். இம்முறையும் திருமாவளவன் தோற்றார். வாங்கியது இரண்டரை லட்சம் வாக்குகள்.

இந்தத் தேர்தல்களில் தலித் மக்கள் கேட்டது எம்.பி. பதவியைக் காட்டிலும் எளிமையான ஒன்று: எங்கள் வாக்கை நாங்களே போட விடுங்கள். எடின்பரோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஹியூகோ காரிஞ்ச் 1990களின் இறுதியிலிருந்து இந்த இயக்கத்தைத் தொடர்ந்து ஆராய்ந்து இரு நூல்கள் எழுதியிருக்கிறார். தெருவில் போராடிய இயக்கம் தேர்தல் கட்சியாக மாறியபோது அடைந்த அங்கீகாரத்தையும் அதற்குக் கொடுத்த விலையையும் அவர் எழுத்தில் சேர்த்தே காணலாம். அந்த விலையில் ஒரு பகுதிதான் கூட்டணி.

2004: தோல்விக்குப் பின் கைகோத்தல்

2004 மே மாதத் தேர்தல் முடிந்த அதே ஆண்டில் பாமக நிறுவனர் மருத்துவர் ராமதாசும் திருமாவளவனும் ஒரே மேடை ஏறினார்கள். இருவரும் சேர்ந்து முன்னெடுத்த தமிழ்ப் பாதுகாப்பு இயக்கம், திரைப்படங்களுக்குத் தமிழில் பெயர் வைக்க வேண்டும் என்று போராடியது. தமிழ்ப் பெயர் கொண்ட படங்களுக்கு 2006இல் திமுக அரசு கேளிக்கை வரிவிலக்கு அளித்ததற்குப் பின்னால் இந்தப் போராட்டங்களின் அழுத்தமும் உண்டு. 'தமிழ்க் குடிதாங்கி' என்ற பட்டத்தை ராமதாசுக்குத் திருமாவளவன் வழங்கினார். ஐந்தாண்டுகளுக்குள் இரண்டு முறை தன்னைத் தோற்கடித்த கட்சியின் நிறுவனரை, தன் மக்கள் வீடிழந்த நினைவு ஆறாதபோதே, அவர் பெருமைப்படுத்தினார். ராமதாசும் தன் தொண்டர்களின் முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல் அந்த மேடையில் நின்றார். அரசியலில் இது சாதாரணத் துணிவல்ல. வட மாவட்டங்களில் பெருமோதல்கள் தணிந்த ஆண்டுகள் அவை. அந்தப் பலனை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது.

இந்த நட்பு தேர்தல் போட்டியையும் தாங்கியது. 2006 சட்டமன்றத் தேர்தலில் விசிக அதிமுக அணி, பாமக திமுக அணி. 2009 தொடக்கத்தில் ஈழப் போரை நிறுத்தக் கோரி இரு கட்சிகளும் இலங்கைத் தமிழர் பாதுகாப்பு இயக்கத்தில் சேர்ந்து நின்றன. அடுத்த சில மாதங்களில் அணிகள் இடம் மாறின. சிதம்பரத்தில் திருமாவளவனும் பொன்னுசாமியும் மூன்றாம் முறையாக மோதினர். திருமாவளவன் 99,083 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்தத் தேர்தல் 1999 போல எரியவில்லை. போட்டி இருக்கும்போதே பகை இல்லாமல் இருக்க முடியும் என்பதற்கு 2009 சிதம்பரமே சான்று.

2011இல் இரு கட்சிகளும் திமுக அணியில் ஒன்றாக நின்றன. பாமகவுக்கு 30 இடங்கள், விசிகவுக்கு 10 இடங்கள். அலை எதிராக வீசியது. பாமக மூன்றில் மட்டும் வென்றது, விசிக ஒன்றிலும் வெல்லவில்லை. அந்த மூன்றில் ஒன்று ஜெயங்கொண்டம், வென்றவர் ஜெ. குரு. வன்னியர் அரசியலின் மிக உரத்த குரலாக அறியப்பட்டவர், சிறுத்தைகள் கூட்டணியில் இருந்த தேர்தலில் சட்டமன்றம் போனார். ஒரு தொகுதியை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாதுதான். ஆனாலும் 'இந்த இரண்டு தெருவும் ஒரே சின்னத்துக்குக் குத்தாது' என்ற பேச்சு இயற்கை விதி அல்ல என்பதற்கு ஜெயங்கொண்டம் நினைவில் வைக்க வேண்டிய உதாரணம்.

முறிவு

அடுத்த ஆண்டே எல்லாம் உடைந்தது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் குடியிருப்புகளில் தலித் மக்களின் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. சாதி மறுப்புத் திருமணம் ஒன்று அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. 2013 ஏப்ரலில் மாமல்லபுரம் சித்திரை முழுநிலவு விழாவை ஒட்டி மரக்காணத்தில் வன்முறை மூண்டது. ராமதாஸ் கைதானார். தலித் அல்லாத சமூகங்களைத் தனியே திரட்டும் முயற்சியைப் பாமக முன்னெடுத்தது. 2014இல் திருமாவளவன் சிதம்பரத்தில் ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். 2016இல் காட்டுமன்னார்கோயிலில் 87 வாக்குகளில் தோற்றார். பாஜகவோ பாமகவோ இருக்கும் அணியில் விசிக இருக்காது என்று அதன்பிறகு அவர் பலமுறை அறிவித்துவிட்டார்.

எட்டு ஆண்டு நட்பு ஏன் ஓராண்டில் கரைந்தது? தலைவர்களின் சுயநலம் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அந்த விடை போதாது. சமரசத்தின் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும். இருவரும் எதைப் பற்றிப் பேசினார்கள்? மொழி, ஈழம், இடஒதுக்கீடு. மூன்றும் பெரிய பொருள்கள், மூன்றும் நியாயமானவை. ஆனால் மூன்றிலும் எதிராளி வெளியே இருந்தார்: திரைத்துறை, கொழும்பு, தில்லி. இரண்டு தெருக்களுக்கு நடுவில் நடந்தது எந்த மேடையிலும் பேசுபொருள் ஆகவில்லை. 1999இல் எரிந்த வீட்டுக்கு யார் பொறுப்பு, தடுக்கப்பட்ட வாக்குக்கு யார் வருத்தம் தெரிவிப்பது, பொதுப்பாதையில் பிணம் போகலாமா, காதலித்து மணந்த பிள்ளைகளை ஊர் என்ன செய்யும் என்ற கேள்விகள் அப்படியே கிடந்தன. அவற்றைத் தொட்டால் நட்பு முறியும் என்று அஞ்சி ஒதுக்கி வைத்தார்கள். ஒதுக்கி வைத்த கேள்விதான் 2012இல் நட்பை முறித்தது.

இரண்டாவது காரணம், சமரசம் மேலிருந்து வந்தது. தலைவர் சொன்னதால் தொண்டர் கைகொடுத்தார், தலைவர் மாறியதும் கையை எடுத்துக்கொண்டார். கிளைச் செயலாளர்கள் கூடிப் பேசி, தங்கள் ஊருக்கென்று ஓர் உடன்பாடு எழுதிக்கொண்டிருந்தால் அதை உடைக்க அவர்களின் சம்மதமும் தேவைப்பட்டிருக்கும்.

சட்டம் எங்கே நின்றுவிடுகிறது

தேர்தல் தகராறைத் தீர்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன்படி, முடிவு வந்த 45 நாட்களுக்குள் உயர்நீதிமன்றத்தில் தேர்தல் மனு தாக்கல் செய்யலாம். வேட்பாளர் மட்டுமல்ல, வாக்காளரும் செய்யலாம். ஆனால் அந்த மனு கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வென்றவரின் வெற்றி செல்லுமா? பொன்பரப்பி தலித் வாக்காளரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் ஆதரித்த வேட்பாளரே வென்றுவிட்டார். தனக்கு நேர்ந்த அநீதிக்காக அவர் தேர்தல் மனு போட வேண்டுமென்றால், தன் வேட்பாளரின் வெற்றியையே எதிர்த்துப் போட வேண்டும். முடிவைப் பாதுகாக்கும் சட்டம், வாக்களிக்க முடியாமல் நின்றவரின் அவமானத்துக்குப் பதில் சொல்வதில்லை.

அந்தப் பதிலை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்தான் தர வேண்டும். 1989ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், பட்டியல் சாதியினரை வாக்களிக்க விடாமல் மிரட்டுவதையும், இன்னாருக்குத்தான் போட வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதையும் குற்றமாக்குகிறது. 2015 திருத்தம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் தனி உரிமைகளை வழங்கியது. குற்றப்பத்திரிகை தாக்கலான இரு மாதங்களுக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்கிறது. ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்பு, கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். ஏட்டில் இவ்வளவு இருக்கிறது. ஊரில் நடப்பதோ பெரும்பாலும் வேறு. வட்டாட்சியர் அலுவலகத்திலோ கோட்டாட்சியர் முன்னிலையிலோ ஒரு 'சமாதானக் கூட்டம்' நடக்கும். இரு தரப்பும் கையெழுத்திடும். வழக்கைக் கைவிடுவதுதான் சமாதானத்தின் விலை என்று தாக்கப்பட்டவரிடம் மறைமுகமாகச் சொல்லப்படும். நீதியை விட்டுக்கொடுத்து வாங்கும் அமைதி அடுத்த தேர்தல் வரை நீடித்தாலே அதிகம்.

பாப்பாபட்டியும் நைரோபியும்

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. மதுரை மாவட்டம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டம் கொட்டக்காச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகள் 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. பத்தாண்டுகள் அங்கே முறையான தேர்தல் நடக்கவில்லை. யாரும் மனு போட மாட்டார்கள், போட்டு வென்றவர் உடனே ராஜினாமா செய்வார். 2006இல் மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் போய்ப் பேசியது. மதுரை ஆட்சியராக இருந்த த. உதயச்சந்திரன் அதில் முன்னின்றார். அந்த அக்டோபரில் தேர்தல் நடந்தது, வென்றவர்கள் பதவியில் அமர்ந்தார்கள். தமிழக அரசு அந்த நான்கு தலைவர்களையும் சென்னைக்கு அழைத்துச் சமத்துவப் பெருவிழா எடுத்தது. அங்கே பேச்சு பிரச்சினையை நேராகத் தொட்டது. தலித் ஒருவர் தலைவராக நாற்காலியில் உட்காரலாமா என்பதுதான் கேள்வி. உட்காரலாம் என்ற முடிவு ஊரிலேயே எடுக்கப்பட்டது. விழா பிறகுதான் வந்தது.

கென்யாவின் அனுபவம் எதிர்ப்புறம். 2017 ஆகஸ்ட் அதிபர் தேர்தலை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அக்டோபர் மறுதேர்தலை ரைலா ஒடிங்கா புறக்கணித்தார். போராட்டங்களில் உயிர்கள் பலியாயின. 2018 மார்ச் 9 அன்று நைரோபியில் ஒடிங்காவும் அதிபர் உகுரு கென்யாட்டாவும் கைகுலுக்கினார்கள். நாடு பெருமூச்சு விட்டது, தெருக்களில் பதற்றம் தணிந்தது. ஆனால் அந்தக் கைகுலுக்கலிலிருந்து பிறந்த அரசமைப்புத் திருத்த முயற்சியை நீதிமன்றங்கள் நிறுத்தின. தலைவர்கள் உடன்பட்டதால் மட்டும் போராட்டத்தில் பிள்ளையை இழந்த குடும்பத்துக்கு நீதி வந்துவிடவில்லை. 2004இன் தமிழக மேடைக்கும் 2018இன் நைரோபிக் கைகுலுக்கலுக்கும் இந்த ஒற்றுமை இருக்கிறது: இரண்டும் வன்முறையை நிறுத்தின, இரண்டும் காயத்தைத் திறந்து பார்க்கவில்லை.

செந்துறைச் சாலையில் தொடங்க வேண்டியது

அரியலூர் மண்ணில் இரண்டு தெருக்களும் தனித்தனியாக வாழ முடியாதவை. முந்திரிக் கொட்டை பொறுக்கும் கைகளும் முந்திரிக் காடு வைத்திருக்கும் கைகளும் ஒரே ஊரில் இருக்கின்றன. நூறு நாள் வேலையில் ஒரே ஏரியில் மண் அள்ளியிருக்கிறார்கள். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் கிளப்பும் புழுதி இரு தெருக்களிலும் படிகிறது. ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக நிலம் எடுக்கப்பட்டபோது இழப்பு சாதி பார்த்து வரவில்லை. நிலத்தைத் திரும்பப் பெறும் போராட்டமும் பல ஆண்டுகள் நடந்தது. 2017 செப்டம்பரில் செந்துறை வட்டம் குழுமூர் மாணவி அனிதா நீட் தேர்வின் பெயரால் உயிரை மாய்த்துக்கொண்டபோது, பல கட்சித் தலைவர்கள் அந்த வீட்டு வாசலில் நின்றார்கள். மாவட்டமே அழுதது. அதே செந்துறை வட்டத்தில்தான் இரண்டு ஆண்டுகள் கழியும் முன் பொன்பரப்பி நடந்தது. பொதுத் துக்கம் மனங்களைச் சேர்க்கிறது, ஆனால் அதனால் மட்டும் வாக்குச்சாவடி பாதுகாப்பாகிவிடுவதில்லை.

தேர்தல் கணக்கும் நெருக்கடியைக் கூட்டுகிறது. அரியலூர் சட்டமன்றத் தொகுதியின் முடிவு 2016இல் 2,043 வாக்குகளிலும் 2021இல் 3,234 வாக்குகளிலும் தீர்ந்தது. 2021இல் குன்னத்தில் வித்தியாசம் 6,329, ஜெயங்கொண்டத்தில் 5,452. இவ்வளவு குறுகிய இடைவெளி இருக்கும் இடத்தில் ஒரு காலனியின் வாக்கைத் தடுப்பது முடிவையே மாற்றிவிடும் என்ற ஆசை எழும். அதே இடைவெளி எதிர்த் தெருவின் நூறு வாக்குகளையும் விலைமதிப்பற்றதாக ஆக்குகிறது. அச்சுறுத்தலுக்கும் நட்புக்கும் சம வாய்ப்பைத் தரும் எண்கள் இவை. எந்தப் பக்கம் போவது என்பது மனிதர்கள் எடுக்கும் முடிவு.

2024இல் திருமாவளவன் இதே சிதம்பரத்தில் 1,03,554 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வெற்றி உறுதியாகிவிட்ட இடத்தில் சமரசம் எதற்கு என்று ஒரு தரப்பு நினைக்கலாம். வென்றவர் பேசினால் அது பெருந்தன்மை, தோற்றவர் பேசினால் அது கெஞ்சல் என்று ஊர் பார்ப்பதால், பேசத் தொடங்க வேண்டியவர் வென்றவரே. ஆனால் பேச்சின் முதல் வாக்கியம் மறுதரப்பிலிருந்து வர வேண்டும்: 'உங்கள் வீடு உடைந்தது தவறு.' யார் உடைத்தார்கள் என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். உடைந்தது தவறு என்று சொல்ல எந்தத் தீர்ப்புக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த ஒரு வாக்கியத்தை 1999க்குப் பிறகும் 2019க்குப் பிறகும் ஊர் மேடையில் ஊர்க்காரர்களின் வாயால் சொல்ல வைத்திருந்தால், தலைவர்களின் கைகுலுக்கலுக்கு வேர் பிடித்திருக்கும்.

அதோடு செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. வழக்கைத் திரும்பப் பெறுவதைச் சமாதானத்தின் நிபந்தனையாக்குவதை அதிகாரிகள் நிறுத்த வேண்டும். கண்காணிப்புக் குழு தவறாமல் கூட வேண்டும், கூடியதன் நடவடிக்கைக் குறிப்பை மக்கள் படிக்க வெளியிட வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்ததும், முன்பு மோதல் நடந்த ஊர்களில் எல்லாக் கட்சிகளின் பூத் ஏஜெண்டுகளையும் ஒன்றாக உட்கார வைத்து, வரிசை, பாதை, சின்னம் மூன்றிலும் எவரும் எவரையும் சீண்டக் கூடாது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். வரிசையில் நிற்கும் கடைசிக் காலனி வாக்காளர் வாக்களித்துத் திரும்பும் வரை எதிர்க்கட்சி ஏஜெண்டும் தன் பொறுப்பு என்று அங்கே நிற்க வேண்டும்.

சென்னையில் இரு தலைவர்கள் மீண்டும் ஒருநாள் ஒரே மேடையில் அமரக்கூடும். தமிழக அரசியலில் நிரந்தரப் பகை அரிது, அப்படி அமர்ந்தால் அது நல்லதே. ஆனால் அந்தச் சந்திப்பின் மதிப்பை மேடையில் கேட்கும் கைத்தட்டலை வைத்து அளக்கக் கூடாது. பொன்பரப்பியில் வாக்களிக்கப் புறப்படும் ஒரு தலித் பெண், யாருக்குப் போடுகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும் யாருக்கும் அஞ்சாமல் நடந்து போய்த் திரும்ப முடிகிறதா என்பதை வைத்தே அளக்க வேண்டும். அதை உறுதி செய்யாத சமரசம் எத்தனை முறை நடந்தாலும், அடுத்த தேர்தல் அதை முறித்துவிடும்.